கரும்புக்குள் இருக்கும் நாணல்

கரும்பு பூப்பதை எந்த விவசாயியும் விரும்புவதில்லை. பூத்துவிட்டால் தண்டு நெட்டியாகும், சாறு குறையும், ஆலையில் எடை நிற்காது. ஆனால் கோயம்புத்தூரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரும்பு தாராளமாகப் பூக்கிறது. பூப்பதோடு நில்லாமல் முளைக்கக்கூடிய விதையும் பிடிக்கிறது. இந்த ஒரு குணத்துக்காகத்தான் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இந்த ஊருக்கு வந்தது. அன்று நாட்டின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி வடக்கே, பஞ்சாபிலிருந்து பீகார் வரை விரிந்து கிடந்தது. அங்கே கரும்பு பூப்பது அரிது, பூத்தாலும் விதை பிடிக்காது. ஆகவே பஞ்சாப் விவசாயிக்கான கரும்பு 2000 கிலோமீட்டருக்குத் தெற்கே பிறக்க வேண்டியிருந்தது. பயிர் மேம்பாடு என்றதும் இன்று நம் மனத்தில் வெள்ளைக் கோட்டும் மரபணுக் கருவியும்தான் வருகின்றன. அந்தத் துறையில் சேர விரும்பும் மாணவர்களும் வயலைப் பழைய தலைமுறையின் வேலையாகவே பார்க்கிறார்கள். கோவைக் கரும்பின் நூறாண்டுக் கதை அந்தப் பார்வை தவறு என்று காட்டுவதாகவே நான் படிக்கிறேன். இடத்தின் தயவும், களையென்று ஒதுக்கப்பட்ட ஒரு புல்லின் வலுவும், ஆயிரக்கணக்கில் கழித்துத் தள்ளும் பொறுமையும் சேர்ந்துதான் இந்தப் பயிரை மாற்றின. மூலக்கூறு உயிரியல் அந்த அடித்தளத்தின்மேல் நிற்கிறது.

கரும்பு கரணை வைத்து வளரும் பயிர். கரணையிலிருந்து வருவது தாயின் அச்சு அசல் நகல். அதியமானின் முன்னோர் இந்த மண்ணுக்குக் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் சொல்கிறாரே, அதுவும் கரணையாகத்தான் வந்திருக்கும். பல நூற்றாண்டுகள் மனிதன் கரும்பைத் தேர்ந்தெடுத்தானே தவிர, அதை உருவாக்கவில்லை. கரும்பு விதை முளைக்கும் என்பது 1888 வாக்கில் ஜாவாவிலும் பார்படோசிலும் உறுதியான பிறகுதான் புது ரகத்துக்கு வழி திறந்தது. அந்த விதையைக் கையில் வைத்துப் பார்த்தால் விதை என்றே தோன்றாது. பஞ்சு போன்ற பிசிருக்குள் ஒளிந்திருக்கும் துகள் அது. தட்டில் தூவினால் மெல்லிய புல்லாக முளைக்கிறது. ஒரே பூங்கதிரில் பிறந்த நாற்றுகளில் ஒன்று பருமன், இன்னொன்று குச்சி, மற்றொன்று இனிப்பே இல்லாதது. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

நிலையத்தின் முதல் தலைவர் சி. ஏ. பார்பர், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர். கோதாவரிப் படுகையின் கரும்பைச் செவ்வழுகல் நோய் சூறையாடியதை அறிந்தவர். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து பின்னர் அவர் இடத்துக்கே வந்தவர் டி. எஸ். வெங்கட்ராமன். இவர்கள் முன்னிருந்த சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லலாம். தெற்கின் பருத்த கரும்பு இனிக்கும், ஆனால் வடக்கின் பனியையும் வறட்சியையும் தாங்காது. வடக்கின் மெல்லிய கரும்பு எதையும் தாங்கும், ஆனால் விளைச்சல் சொற்பம். ஒரு பருத்த கரும்பை இன்னொன்றோடு சேர்ப்பதே இயல்பான யோசனை. இவர்களோ 'வெள்ளை' என்ற பருத்த ரகத்தைக் கோவைப் பக்கத்தில் தானாக வளரும் நாணலோடு சேர்த்தார்கள். சாறும் இல்லாத, இனிப்பும் இல்லாத, வரப்பில் கண்டால் பிடுங்கி எறியும் அந்தப் புல்லிடம் வேரின் வலுவும் தூர் கட்டும் வேகமும் இருந்தன. அந்தச் சேர்க்கையில் பிறந்து, கோயம்புத்தூரின் பெயரைத் தாங்கிய 'கோ 205' 1918இல் பஞ்சாபுக்குப் போனது. அங்கிருந்த நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது.

சேர்க்கை என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். கரும்பின் பூ மிகச் சிறியது. நெல்லைப் போல மகரந்தப்பையை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க முடியாது. அதனால் மகரந்தம் வீரியமில்லாத ரகமாகப் பார்த்துத் தாயாக வைக்கிறார்கள். ஒரு துளி அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் நல்ல மகரந்தம் கறுக்கும், மலட்டு மகரந்தம் வெளிறியே இருக்கும். பூக்கும் முன்பே தண்டின் கணுவில் மண் கட்டி வேர்விடச் செய்து, பிறகு வெட்டி, வேண்டிய செடியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். தந்தைக் கதிரைத் தாய்க் கதிருக்கு மேலே நிறுத்தித் துணிக்கூண்டால் மூடுகிறார்கள். மகரந்தம் உதிர்வது காலையில், அதுவும் சிறிது நேரமே. இத்தனையும் செய்து கிடைத்த நாற்றுகளில் ஒன்று ரகமாக வெளிவரப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மற்றவை எல்லாம் குப்பைக்குழிக்குப் போகும். எதைக் கழிப்பது என்று அறிந்த கண் வரப்பில் நடந்து நடந்துதான் வரும்.

இந்த வெற்றியைக் கோவைக்கு உரியதாக்குவது மிகை என்பவர்கள் உண்டு. 1932இல் வந்த பாதுகாப்பு வரிதான் ஜாவா சர்க்கரையைத் தடுத்தது, முப்பது சொச்சம் ஆலைகள் சில ஆண்டுகளில் நூற்று முப்பதைத் தாண்டியது அதனால்தான் என்பது அவர்கள் வாதம். வரி விலையைக் கொடுத்தது உண்மை. ஆனால் ஆலைக்கு வேண்டியது விலை மட்டுமல்ல, நாள் தவறாமல் வந்து சேரும் கரும்பும்தான். வரி வருவதற்கு முன்பே கோ ரகங்கள் வடக்கின் வயல்களில் பரவத் தொடங்கியிருந்தன. அந்த வரி எட்டாத இடங்களிலும் இந்தக் கரும்பு வென்றது. தேமல் நோயால் கரும்பு நசிந்த அமெரிக்காவின் லூசியானாவில் கோ 281, கோ 290 ரகங்கள் பயிராயின. கோவையில் சேர்த்த கோ 421, கோ 312 ஆகியவற்றின் விதையைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்பினார்கள். அங்கே தேர்ந்தெடுத்த ரகம்தான் 1945இல் வெளிவந்த 'என்கோ 310'. நேட்டாலும் கோயம்புத்தூரும் அதன் பெயரிலேயே சேர்ந்திருக்கின்றன.

இதைவிட வலுவான கேள்வி ஒன்று உண்டு. இந்த நாணல் வழியெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடியது. இன்று மரபணுவையே படிக்கவும் திருத்தவும் முடியும்போது பழைய பாடு எதற்கு? விடை கரும்பின் உயிரணுவுக்குள் இருக்கிறது. பருத்த கரும்புக்கு 80 குரோமோசோம்கள், கோவை நாணலுக்கு 64. முறைப்படி தாய் பாதியும் தந்தை பாதியும் தர வேண்டும். இந்தத் தாயோ தன் 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிடுகிறது. நாணலின் 32ஐச் சேர்த்தால் 112. 1934 முதல் சில ஆண்டுகள் கோவையில் பணியாற்றிய இ. கே. ஜானகி அம்மாள் இந்தக் குரோமோசோம்களைத்தான் நுண்ணோக்கியில் எண்ணினார். தலச்சேரியில் பிறந்து, மிச்சிகனில் முனைவரான அவர், கரும்பை மக்காச்சோளத்தோடுகூடச் சேர்த்துப் பார்த்தார். பின்னர் பிரிட்டனின் குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பை 1945இல் வெளியிட்டார். அந்த எண்ணிக்கையின் சிக்கலை அவிழ்க்க மூலக்கூறு உயிரியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. 'ஆர்570' என்ற கலப்பினக் கரும்பின் முழு மரபணுத்தொகுதி 2024இல்தான் வெளியானது. நெல்லில் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதி என்றால் கரும்பில் பத்து, பன்னிரண்டு. புளோரிடாவில் ஒரே வகை மரபணுவின் நூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் திருத்திக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் திருத்துவதற்கு என்ன குணம், எந்தச் செடியில், எந்த மண்ணில் என்று யாராவது சொல்ல வேண்டுமே. அதைச் சொல்பவர் வயலில் இருப்பவர். இன்றைய கலப்பினக் கரும்பைப் படித்துப் பார்த்தால் அதில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை நாணலின் பகுதி. நோய் தாங்கவும் மறுதாம்பு துளிர்க்கவும் கரும்பு அந்தப் பங்கையே பெரிதும் நம்பியிருக்கிறது.

புதிய ரகங்கள் பரவப் பரவ நாட்டுக் கரும்புகள் அழிந்தன என்ற குறையும் உண்மைதான். அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. ஒரே ரகம் நாடெங்கும் நிறைந்தால் என்ன ஆகும் என்பதை 1930களின் இறுதியில் பீகார் கண்டது. அங்கே பரவியிருந்த கோ 213ஐச் செவ்வழுகல் அழித்தது. தண்டைப் பிளந்தால் சிவப்புத் திட்டும், இடையிடையே வெள்ளைக் குறுக்குப் பட்டையும், புளித்த வாடையும். எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நோய் உத்தரப் பிரதேசத்தில் கோ 0238ஐப் பிடித்தது. 2009இல் வெளிவந்து, சர்க்கரைக் கட்டுமானத்தில் எல்லா ரகங்களையும் முந்தி, அந்த மாநிலத்தின் கரும்பு நிலத்தில் மிகப் பெரும்பகுதியைப் பிடித்திருந்த ரகம் அது. அதைத் தந்தது கோவை நிலையத்தின் கர்னால் மையம். ரகம் கெட்டதல்ல. அதை மட்டுமே நட்டதுதான் கெடுத்தது. மாற்றுக்குக் கைநீட்ட நாணலும் பழைய ரகங்களும் உயிரோடு இருக்க வேண்டும். கரும்பை நெல் போல விதையாகக் குளிரறையில் பூட்டி வைத்தால் அந்த ரகம் அதே ரகமாகத் திரும்ப முளைக்காது. ஆகவே அந்த நிலையத்தின் கண்ணூர் மையத்தில் உலகெங்கிலுமிருந்து திரட்டிய கரும்புகளைத் தொடர்ந்து வெட்டி, கரணை போட்டு, மறுபடி நட்டுக் காக்கிறார்கள். கோவையில் இன்றும் கார்த்திகையில் பல மாநில நிலையங்களின் ஆய்வாளர்கள் வந்து, தாங்கள் விரும்பும் கதிர்களைச் சேர்த்து, பஞ்சுப் பிசிரைப் பையில் கட்டிக்கொண்டு, கரும்பு பூக்காத தங்கள் ஊர்களுக்கு ரயிலேறுகிறார்கள்.