பாதியில் விட்ட ஊசி: ஆட்டு மூளைத் தடுப்பூசியும் நரம்பைத் தாக்கிய எதிர்ப்பொருள்களும்

வெறிநாய்க்கடிக்குப் போட்ட ஊசியாலேயே சிலருக்குக் கைகால் விழுந்தது ஏன் என்ற கேள்விக்கு 1987இல் விடை கிடைத்துவிட்டது என்பது பொதுவான கருத்து. அவ்வாண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தாய்லாந்தின் தீரவத் ஹேமசுதாவும் அமெரிக்காவின் டயான் கிரிஃபினும் பிறரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செம்பிள் தடுப்பூசியால் பாதிக்கப்பட்டோரிடம், நரம்பைப் போர்த்தும் மயலின் உறையிலுள்ள ‘மயலின் அடிப்படைப் புரத’த்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மிகுந்திருப்பதை அது காட்டியது. ஆட்டு மூளையோடு உடலுக்குள் போன அந்தப் புரதமே மூளை, தண்டுவட அழற்சிக்கும் புறநரம்பு அழற்சிக்கும் காரணம் என்பது அவர்கள் முடிவு. முதற்பாதியை நான் ஏற்கிறேன். புறநரம்பைப் பற்றிய பிற்பாதியை ஏற்க முடியவில்லை.

பின்னணி தெரிந்ததே. டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய முறையில், வெறிநோய்க் கிருமி ஏற்றிய மூளையை அரைத்து, ஃபீனாலால் கிருமியைக் கொன்று ஊசியாக்கினார்கள். இந்தியாவில் அதற்கு ஆட்டு மூளை. தென்னாட்டுக்கு அதைத் தந்தது 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம். தொடக்க காலத்தில் நாகப்பட்டினத்தில் நாய் கடித்தவர் தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு என்று ரயில் மாறி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏற வேண்டும். பிறகு ஊசி ஊருக்கே வந்தது. ஊசியால் வாதம் கண்டவர்கள் 142 பேரில் ஒருவர் என்றும் 7000 பேரில் ஒருவர் என்றும் கணக்குகள் உண்டு. இவ்வளவு விரிந்த இடைவெளிக்கு, வேறு வேறு நோய்களை ஒரே பெயரில் எண்ணியதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த ஐயம் எனக்கு எழுந்தது நாகைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி சொன்ன வாக்கியத்தால். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பது ஊரறிந்த பேச்சு. அவர் சொன்னது அதன் வேறொரு வடிவம்: “ஊசிய பாதியில விட்டா காலு இழுத்துக்கும் தம்பி. எங்கண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு.” அறுப்பு முடிந்த வயலில் கிடை போட வந்தவர்களின் நாய் அண்ணனைக் கடித்திருக்கிறது. எட்டோ ஒன்பதோ ஊசி ஆனதும் கால் மரத்தது. அதன்பின் ஊசி போடவில்லை.

காரணமும் விளைவும் இதில் இடம் மாறியிருக்கின்றன என்பது என் வாசிப்பு. செம்பிள் ஊசியின் வாதம் பெரும்பாலும் தொடங்கி ஒன்று, இரண்டு வாரத்துக்குள், அதாவது ஊசிகள் முடியும் முன்பே தலைகாட்டும். அறிகுறி கண்டதும் மருத்துவர் ஊசியை நிறுத்துவார். நிறுத்தியதையும் கால் விழுந்ததையும் சேர்த்துப் பார்த்த குடும்பம், முன்னதைக் காரணமாக்கிக்கொண்டது. எதிர்ப்பொருள் உருவாக உடல் எடுத்துக்கொள்ளும் நாட்கணக்கே அந்தச் சொல்லில் தலைகீழாகப் பதிந்திருக்கிறது.

அதைவிட முக்கியமானது, நான் கேட்காமலே பாட்டி சொன்ன இன்னொன்று. “காலுதான் வரல. ஒண்ணுக்கெல்லாம் தானாத்தான் போச்சு. அடுத்த கார்த்திகைக்குள்ள எந்திரிச்சு நடந்துட்டான்.” தண்டுவடம் அழன்றிருந்தால் சிறுநீர் கட்டியிருக்கும். கால் செயலிழந்தும் சிறுநீர் தடையின்றிப் போய், சில மாதங்களில் நடையும் திரும்பியது கில்லன் பாரே வகைப் புறநரம்பு நோயின் போக்கு. ஒரே ஒரு சாட்சி, அதுவும் தங்கையின் நினைவு என்பதை மறைக்கவில்லை. ஆனால் பொய்யாகச் சேர்க்க எந்தக் காரணமும் இல்லாத விவரம் அது.

இப்படிப்பட்ட நோயாளியை ஹேமசுதா குழுவின் விளக்கத்தில் எங்கே வைப்பது? 1933இல் தாமஸ் ரிவர்ஸ் குழு, கிருமியே இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றி வாதத்தை வரவழைத்தது. பின்வந்தவர்கள் அந்த மூளைக்குள் தேடிப் புரதத்தைக் கண்டார்கள். ஆனால் விலங்குகளில் அந்தப் புரதம் உண்டாக்குவது முதன்மையாக மூளை, தண்டுவட நோய். புறநரம்பின் மயலினிலும் அது சிறிதளவு உண்டு என்று ஹேமசுதா குழுவின் தரப்பில் சொல்லலாம், அது உண்மையும்கூட. அப்படியானால் சிலி நாட்டில் ஃபுயென்சலிடாவும் பலாசியோசும் 1955இல் செய்த ஊசியை எப்படி விளக்குவது? மயலின் ஏறக்குறைய இல்லாத பிறந்த எலிக்குஞ்சின் மூளையை அவர்கள் எடுத்ததே இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். ஆபத்து குறைந்தது, மறையவில்லை. ஹெல்டும் லோபெஸ் அதாரோசும் 1972இல் தொகுத்த லத்தீன் அமெரிக்க நோயாளிகளிடம் மேலோங்கி நின்றது புறநரம்பு நோயே. குஞ்சுகள் சில நாள் வளர்ந்திருந்தால் மயலின் தலைகாட்டியிருக்கலாம் என்ற மறுப்பை முழுதாகத் தள்ள முடியாது. ஆயினும் புரதம் குறையக் குறையப் புறநரம்பு நோய் மேலோங்குகிறதென்றால், வேறொரு பொருளைத் தேடுவதே நேர்மை.

அந்தப் பொருள் கேங்கிலியோசைடு, நரம்புச் செல்லின் மேற்பரப்பில் நிற்கும் சர்க்கரை தாங்கிய கொழுப்பு. இவற்றுள் ஜிஎம்1 ஆட்டுக்கும் நமக்கும் ஒன்றே. மாட்டு மூளையிலிருந்து எடுத்த கேங்கிலியோசைடுகளை ஐரோப்பாவில் மருந்தாக ஏற்றியபோது சிலருக்குக் கில்லன் பாரே வந்தது. 1995இல் வெளியான ஆய்வு அவர்களிடம் ஜிஎம்1-க்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டது. நொபுஹிரோ யூகி குழு 2004இல், கேம்பிலோபாக்டர் நுண்ணுயிரின் சர்க்கரை ஜிஎம்1-ஐ ஒத்திருப்பதே நோய்க்கு வழி என்று நிறுவியது. மூளைத் தடுப்பூசிக்கு நேர்ச்சான்று துனிசியாவிலிருந்து வந்தது. 1998இல் வெளியான ஆய்வின்படி, அங்கே ஊசியால் வாதம் கண்டவர்களிடம் மயலின் புரதங்கள், கேங்கிலியோசைடுகள் இரண்டுக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. நோயை உண்டாக்கியவை அவையா, நரம்பு சிதைந்தபின் பிறந்தவையா என்பதை அந்த ஆய்வு மட்டும் தீர்க்காது.

புரதத்தையே பார்த்துப் பழகிய கண் சர்க்கரையைத் தவறவிடும் என்பதற்கு, இதே ஆட்டை வைத்தே இன்னொரு சான்று சொல்லலாம். ஆட்டுச் செல்லில் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை உண்டு, மனிதனுக்கு அது இல்லை. 2008இல் செட்டுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றியதும் சில அமெரிக்கர் மயங்கி விழுந்ததை ஆராய்ந்தபோது, அந்தச் சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ எதிர்ப்பொருள் முன்கூட்டியே அவர்களிடம் இருந்தது தெரிந்தது. அதை விளைவித்தது உண்ணிக்கடி என்று 2011இல் ஸ்காட் காமின்ஸ், தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் முதலானோர் காட்டினர். இவர்களுக்கு ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ தின்று மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்துத் தடிப்பும் மூச்சுத்திணறலும் வரும். ஜிஎம்1-இல் ஒப்புமையே வினை, ஆல்ஃபா-கேலில் அயன்மையே வினை. இரண்டிலும் இலக்கு சர்க்கரைதான்.

பாட்டியின் அண்ணனுக்கு ஊசி போட்ட ஆண்டை என்னால் நிறுவ முடியவில்லை. “புயலுக்கு முந்தி” என்றார். நாகையில் 1952 நவம்பரிலும் புயல், 1977 நவம்பரிலும் புயல். முதல் நாள் பேச்சு முன்னதைக் காட்டியது, அடுத்த முறை பின்னதை. 1952 என்றால் அது ஃபீனால் போட்ட செம்பிள் ஊசி. 1977-ஐ ஒட்டியென்றால் பீட்டா-புரோப்பியோலாக்டோனால் கிருமியைக் கொன்ற பிந்தைய வகையாகவும் இருக்கலாம். அதாலும் நரம்பு நோய் வந்ததைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1984இல் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே ஆட்டு மூளை, இந்தியாவில் 2004 இறுதியில் அதன் உற்பத்தியே நிறுத்தப்படும்வரை. கிடை எந்தக் கோடையில் வந்தது என்று மூன்றாம் முறை கேட்டபோது, பாட்டி அண்ணன் கால் மரத்த இடத்தைத்தான் காட்டினார்: முழங்காலுக்குக் கீழே, இரண்டு பக்கமும்.