‘குடிபோதை’ என்ற சொல்லும் 30 மில்லிகிராமும்

மைசூருவில் கண்ணிற்படும் கன்னடச் சாலை எச்சரிக்கைகளில் ‘குடிது’ என்ற வினையெச்சத்தைக் காணலாம். தமிழின் ‘குடித்து’ என்பதற்கு இனமான சொல் அது. குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர் என்பது அவ்வெச்சரிக்கையின் பொருள். அதே குற்றத்தைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் பெரிதும் ‘குடிபோதையில் வாகனம் ஓட்டுதல்’ என்றே எழுதுகின்றன. முன்னது ஒரு செயலைச் சுட்டுகிறது. பின்னது ஒரு நிலையைச் சுட்டுகிறது. இவ்விரண்டில் எது குற்றம் என்ற வினாவினூடாகவே இச்சட்டத்தின் வரலாறு நகர்ந்து வந்துள்ளது.

தொடக்கத்தில் நிலையே குற்றமாக இருந்தது. இங்கிலாந்தின் 1872ஆம் ஆண்டு மதுவிற்பனை உரிமச் சட்டம், குடிவெறியோடு பொதுவழியில் குதிரை, கால்நடை, வண்டி, நீராவி இயந்திரம் ஆகியவற்றை நடத்திச் சென்றோரைத் தண்டித்தது. எவ்வளவு குடித்தால் வெறி என்று அது அளவு கூறவில்லை. இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மதுவின் பிடியில் இருப்பதையே குற்றம் என்றது.

அந்நிலையை மெய்ப்பிப்பது எங்ஙனம்? காவலரின் மூக்கும் மருத்துவரின் கண்ணுமே கருவிகள். வாயில் வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவை சான்றுகள். இவ்வடையாளங்கள் மட்டும் ஒருவர் மது அருந்தியதை உறுதியாக நிறுவப் போதா என்று 1971இல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கருதியது.

பிற நாடுகள் இதற்குள் அளவீட்டை நாடியிருந்தன. நார்வே 1936இலேயே இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது என வரம்பு வகுத்தது. அமெரிக்கரான ராபர்ட் போர்க்கென்ஸ்டீன் 1954இல் மூச்சைக் கொண்டு மதுவை அளக்கும் கருவியை உருவாக்கினார். பிரிட்டன் 1967இல் 100 மில்லிலிட்டர் இரத்தத்திற்கு 80 மில்லிகிராம் என்ற எல்லையை ஏற்றது.

இந்தியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, முதலில் இயற்றப்பட்ட வடிவில், எத்துணைச் சிறிய அளவாயினும் இரத்தத்தில் மது இருப்பதே குற்றம் என்றது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வரையறுத்தது. பிரிட்டன் வகுத்த எல்லையினும் இது மிகக் கடுமையானது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் முதற்குற்றத்திற்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. மதுவின் அளவை மாற்றவில்லை. கட்டுப்படுத்த இயலாத நிலை என்ற பழைய சொற்றொடர், அதே பிரிவில் போதைப்பொருள் பற்றிய உட்கூறில் மட்டும் இன்றும் எஞ்சியிருக்கிறது.

ஆக, மது அருந்தியவரிடம் சட்டம் இன்று ‘உனக்குப் போதையா?’ என்று வினவுவதில்லை. நம் வழக்குமொழியோ 1939இலேயே நின்றுவிட்டது. ‘கொஞ்சம்தான் குடித்தேன், நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்ற வாதம் அந்தப் பழைய வரையறையிலிருந்தே பிறக்கிறது. கால் தள்ளாடுவதற்கு முன்பே மது மழுங்கச் செய்வது, நிதானத்தை எடைபோடும் அறிவைத்தான். தன் நிதானத்திற்குக் குடித்தவர் தாமே சாட்சியாக முடியாது என்பதனாலேயே அப்பொறுப்பு கருவியிடம் சென்றது.

‘போதை’ என்ற சொல், தமக்கு அது இல்லை என்று கருதும் ஒவ்வொருவருக்கும் தப்பிக்கும் வழியைத் திறந்துவிடுகிறது. ‘மது அருந்தி வாகனம் ஓட்டுதல்’ என்று நாம் எழுதப் பழகினால், அவ்வழியேனும் அடைபடும்.