ஒரு டயோடு செய்த வேலை

போன மாதம் பெங்களூர் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் கிடார் வாசிப்பவன். பழைய வால்வு ஆம்ப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். ரெக்டிஃபையர் வால்வு போய்விட்டது என்று ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் அதை எடுத்துவிட்டு சிலிக்கன் டயோடு வைத்துக் கொடுத்துவிட்டார்.

"அங்கிள், சத்தம் வருது. ஆனா பழைய சவுண்ட் இல்லை" என்றான்.

பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். பவர் வால்வுகளின் பிளேட் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது! முதலில் ஸ்விட்சை அணைக்கச் சொன்னேன்.

ஒரு டயோடு மாற்றியதற்கா இவ்வளவு? சொல்கிறேன்.

ஒரே திசையில் மட்டும் கரண்ட்டை விடும் வால்வை இங்கிலாந்தில் ஃப்ளெமிங் செய்தது 1904-ல். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வுகளுக்கு அதுதான் மூதாதை. 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் உள்ளே மூன்றாவதாக ஒரு கம்பியைச் சேர்த்தார். அதுதான் கிரிட். அதில் கொடுக்கும் நெகட்டிவ் வோல்டேஜ்தான் பயாஸ். குழாயைத் திருகுவது போல, வால்வில் ஓடும் கரண்ட்டை அது கட்டுப்படுத்தும்.

ரெக்டிஃபையர் வால்வுக்கு ஒரு குறை உண்டு. கிடாரை ஓங்கி அடித்தால் ஆம்ப் அதிக கரண்ட் கேட்கும். அப்போது வோல்டேஜ் சற்றே தொய்ந்து, பிறகு மேலே வரும். 5யு4 வால்வு முழு லோடில் 40 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். ஜிஇசட்34 அதைவிடத் தேவலை. சிலிக்கன் டயோடு விழுங்குவது சுமார் 1 வோல்ட்தான்.

எஞ்சினியருக்குக் குறையாகத் தெரிந்த அந்தத் தொய்வு, வாசிப்பவன் விரலுக்குச் சுகமாக இருந்தது! 1950களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பை கிடார்காரர்கள் கொண்டாடினார்கள். 1962-ல் லண்டன் ஹேன்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் ஆட்கள் அந்த சர்க்யூட்டைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து ஜேடிஎம்45-ஐச் செய்தார்கள். அதிலும் ஜிஇசட்34 உண்டு. பிறகு 100 வாட் போட்டி வந்தது. சூடு இல்லாத, விலை குறைந்த சிலிக்கன் டயோடு 1960களின் பிற்பாதியில் மார்ஷல் ஆம்ப்களில் இடம் பிடித்தது. சத்தம் இறுக்கமானது. ராக் இசையும் அதற்கேற்ப மாறியது.

வேடிக்கை என்னவென்றால், 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித்தின் மெஸா பூகி கம்பெனி 'டூயல் ரெக்டிஃபையர்' என்ற ஆம்ப்பைக் கொண்டுவந்தது. அதன் பின்னால் ஒரு ஸ்விட்ச். வால்வா, சிலிக்கனா, நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கழித்துக் கட்டிய குறையை வசதியாக்கி விற்றார்கள். விற்கவும் விற்றது.

நண்பர் மகனின் ஆம்ப்பில் நடந்தது என்ன? டயோடு வந்ததும் பிளேட் வோல்டேஜ் ஏறியது. பயாஸ் பழைய இடத்திலேயே நின்றது. அதனால் வால்வில் கரண்ட் எகிறியது. 6எல்6ஜிசி வால்வின் பிளேட் தாங்குவது 30 வாட். ஓய்வில் அதில் 70 சதவீதம், அதாவது 21 வாட், போதும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 450 வோல்ட்டில் அது சுமார் 46 மில்லிஆம்பியர். அதற்கு மேல் போனால் வால்வின் ஆயுள் குறையும். மிகவும் குறைத்தாலும் சத்தம் வறண்டு போகும். இரண்டு மோடும் உள்ள ஆம்ப்பில், வோல்டேஜ் அதிகமாக வரும் சிலிக்கன் மோடில் வைத்துத்தான் கரண்ட்டை அளக்க வேண்டும். மெஸா பூகியோ பயாஸ் திருகியையே வைக்கவில்லை. பொருத்தமான வால்வுகளைத் தானே பொறுக்கி விற்றது. அது சரியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

விவரம் தெரிந்த ஒரு பெரியவரிடம் ஆம்ப்பைக் கொண்டுபோனோம். ரெக்டிஃபையர் வால்வைத் திரும்பப் போட்டு, பயாஸை அளந்து வைத்தார். பையன் ஒரு கார்டு அடித்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கடைசியாக ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும். பிள்ளைகள் ஸ்க்ரூடிரைவரோடு அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.