வகுப்பு, பர்சென்டேஜ், சி.ஜி.பி.ஏ. – ஒரு பீரோவுக்குள் மூன்று சான்றிதழ்கள்

திருநெல்வேலிப் பக்கம் மூன்று தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன குடும்பம் ஏதாவது தெரிந்தால், அந்த வீட்டு பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தாத்தாவின் பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கும். அப்பாவுடையதில் மதுரை. பேத்தியுடையதில் மனோன்மணியம் சுந்தரனார். மூன்று பேரும் படித்தது ஒரே ஊரில்தான். பல்கலைக்கழகம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பெயர் மட்டுமா மாறியது? "எத்தனை எடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா "செகண்ட் கிளாஸ்" என்பார். அப்பா "அறுபத்திரண்டு பர்சென்ட்" என்பார். பேத்தி "ஆறு புள்ளி மூணு எட்டு" என்பாள். ஒரே கேள்விக்கு மூன்று விதமான பதில். இந்த மூன்றுக்கும் நடுவில் 150 வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது.

சென்னை: கூட்டிப் பார்க்காத காலம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கப்பட்டது. மாதிரி, லண்டன் பல்கலைக்கழகம். அதாவது பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை, பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை. அதன் முதல் பட்டதாரிகள் இரண்டே பேர். இருவருமே யாழ்ப்பாணத் தமிழர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. பின்னாளில் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த அதே தாமோதரம்பிள்ளைதான்.

அந்தக் காலத்தில் முடிவு என்றால் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. இல்லாவிட்டால் பெயில். பேப்பரைத் திருத்துபவர் மார்க் போடத்தான் செய்தார். ஆனால் ஊர் கேட்டது வகுப்பைத்தான்.

இதில் பலரும் மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. பட்டப் படிப்பு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மொழிப் பாடம் ஒரு பகுதி, ஆங்கிலம் ஒரு பகுதி, முதன்மைப் பாடம் மூன்றாம் பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வகுப்பு. தமிழில் முதல் வகுப்பும் ஆங்கிலத்தில் மூன்றாம் வகுப்பும் ஒருவரே வாங்கலாம். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக ஆக்கவில்லை. முதுகலைச் சேர்க்கையில் "பார்ட் த்ரீ மார்க் என்ன?" என்று இன்றும் கேட்பது அந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சம்.

இந்த முறைக்குக் கொடூரமான ஒரு பக்கமும் இருந்தது. எல்லாப் பாடத்திலும் குறைந்தபட்சம் தேற வேண்டும். ஒன்றில் போனால் எல்லாம் போச்சு. கணிதமேதை ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தது இப்படித்தான். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார். 1906லும் பெயில், 1907லும் பெயில். கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கணக்கில் மிச்சமிருந்த மார்க்கை மற்ற பாடங்களின் பள்ளத்தில் போட்டு நிரப்ப விதி இடம் கொடுக்கவில்லை. சராசரி என்பதே இல்லாத ஒரு ஏற்பாட்டில் ராமானுஜனும் "பெயில்" தான்.

மார்க்கை இவ்வளவு நம்பலாமா என்ற சந்தேகம் அன்றே பெரியவர்களுக்கு வந்துவிட்டது. 1948-49ல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வுமுறையில்தான் இருக்க வேண்டும் என்றது. முதல் வகுப்புக்கு 70, இரண்டாம் வகுப்புக்கு 55, மூன்றாம் வகுப்புக்கு 40 என்று பரிந்துரையும் செய்தது. நம் பக்கத்தில் நிலைத்தது என்னவோ 60தான்.

அடுத்து 1952-53ல் இடைநிலைக் கல்விக் குழு. தலைவர், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார். பள்ளி மாணவர்களுக்கு எண்ணில் மார்க் போடாமல் ஐந்து படிநிலைக் குறியீடு கொடுக்கலாம் என்றது அந்தக் குழு. அப்போது அவருடைய பல்கலைக்கழகத்திலேயே, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும் நெல்லை ம.தி.தா. இந்துக் கல்லூரியிலும் படித்த பிள்ளைகளுக்கு மார்க்கும் வகுப்பும்தான் வந்துகொண்டிருந்தது!

மதுரை: பர்சென்ட் காலம்

1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானது. நெல்லை, குமரி மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் போயின. 1978ல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. பட்டதாரிகள் பெருகினார்கள், வேலைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஆயிரம் பேரிடம் "முதல் வகுப்பு" இருந்தால் ஆள் எடுப்பவருக்கு அந்தச் சொல்லால் என்ன உபயோகம்? 60ஐயும் 74ஐயும் பிரித்துக் காட்ட ஒரு எண் தேவைப்பட்டது. பர்சென்டேஜ் முக்கியமானது அப்படித்தான்.

அதே 1978ல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரி அவற்றில் ஒன்று. பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே வைத்துக்கொள்ளலாம் என்றதும், வருடத்துக்கு ஒரு பெரிய பரீட்சை என்ற பழக்கம் ஆட்டம் கண்டது. செமஸ்டர், இன்டர்னல், கிரெடிட் போன்ற சொற்களுக்கு இடம் கிடைத்தது.

கிரெடிட்: ஒரு பென்ஷன் கதை

கிரெடிட் என்ற சொல்லைக் கேட்டதும் வணிகவியல் மாணவனுக்கு ஜர்னல் என்ட்ரி ஞாபகம் வரும். கல்லூரி கிரெடிட்டின் பிறப்பிலும் பணம் இருக்கத்தான் செய்கிறது.

1905ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். யாருக்குக் கொடுப்பது? எது உண்மையான கல்லூரி? அதை முடிவு செய்ய அறக்கட்டளை ஒரு அளவுகோல் வைத்தது. ஒரு பாடத்தை வருடத்தில் 120 மணி நேரம் படித்தால் அது ஒரு யூனிட். பள்ளியில் 14 யூனிட் முடித்தவர்களை மட்டும் சேர்க்கும் கல்லூரிக்கே பென்ஷன். ஆசிரியர்களுக்குப் பென்ஷன் வேண்டுமே, கல்லூரிகள் ஒத்துக்கொண்டன. பாடத்தை மணி நேரத்தால் அளக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்கள் முதலில் இந்த வழியில் போயின. அமெரிக்க உதவியோடு வளர்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. 1960களிலேயே எழுத்து கிரேடு முறையில் நடந்தது. கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அது வந்து சேர ரொம்ப நாள் ஆயிற்று.

மனோன்மணியம் சுந்தரனார்: பாயிண்ட் காலம்

1990ல் மதுரையிலிருந்து பிரித்து நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. சுந்தரம் பிள்ளை 1876ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தேறியவர். 1870களின் இறுதியில் நெல்லைக்கு வந்து, இன்றைய இந்துக் கல்லூரியின் முன்னோடியான பள்ளிக்குத் தலைமை ஏற்றவர். ஆக, பழைய வகுப்பு முறையில் தேறிய ஒருவரின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் இப்போது பாயிண்ட் கணக்குப் போடுகிறார்கள்.

2008-09ல் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் விருப்பப் பாட கிரெடிட் முறை, அதாவது சி.பி.சி.எஸ்., வந்தது. இளங்கலைக்கு மொத்தம் 140 கிரெடிட். 2015 வாக்கில் யு.ஜி.சி. நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலைக் கொடுத்தது. ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, பி (பாஸ்) 4, எஃப் 0. கணக்கு எளிதுதான்: ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதன் பாயிண்டால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, மொத்தக் கிரெடிட்டால் வகு.

இது வேறொன்றுமில்லை, காஸ்ட் அக்கவுண்டிங்கில் வரும் வெயிட்டட் ஆவரேஜ்தான். 900 ரூபாய் விலையில் 100 மூட்டை அரிசியும் 1200 ரூபாய் விலையில் 10 மூட்டையும் வாங்கினால், சராசரி விலை 1050 என்று யாராவது எழுதுவார்களா? ஸ்டோர்ஸ் லெட்ஜரில் 927 ரூபாய் 27 காசு என்றுதான் வரும். மூட்டையின் இடத்தில் கிரெடிட், விலையின் இடத்தில் பாயிண்ட். அவ்வளவே.

ஒரே மார்க், மூன்று விடை

இப்போது ஒரு பி.காம். மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் செமஸ்டர் மார்க் இது:

தமிழ் (3 கிரெடிட்) – 78
ஆங்கிலம் (3) – 66
நிதிநிலைக் கணக்கியல் (4) – 52
வணிக அமைப்பு (4) – 58
பொருளியல் (4) – 56
சுற்றுச்சூழல் (2) – 90

முதல் வழி: ஆறையும் கூட்டி ஆறால் வகுப்பது. 400 வகுத்தல் 6, அதாவது 66.67 சதவீதம்.

இரண்டாவது வழி: சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிரெடிட் முறை அட்டவணையில் 52 மார்க் என்றால் 5.2 பாயிண்ட், 78 என்றால் 7.8. மார்க்கைப் பத்தால் வகுத்தால் போதும். இதைக் கிரெடிட்டோடு பெருக்கிக் கூட்டினால் 127.6. மொத்தக் கிரெடிட் 20ஆல் வகுத்தால் 6.38.

மூன்றாவது வழி: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறை. அங்கே படிக்கட்டு மாதிரி. 50 முதல் 60 வரை 6 பாயிண்ட், 61 முதல் 70 வரை 7, 71 முதல் 80 வரை 8, 81 முதல் 90 வரை 9, அதற்கு மேல் 10. இந்தப்படி கூட்டினால் 135, வகுத்தால் 6.75.

அதே பேப்பர், அதே மார்க். 66.67, 6.38, 6.75 என்று மூன்று விடை! இதில் எதுவும் தப்பு இல்லை. முதல் வழி சுற்றுச்சூழலையும் கணக்கியலையும் சமமாக வைத்தது. இரண்டாவது வழி கணக்கியலுக்கு இரட்டிப்பு எடை கொடுத்தது. மூன்றாவது வழி 52க்கும் 58க்கும் வித்தியாசம் இல்லை என்றது. ஆனால் அதே வழி 70க்கும் 71க்கும் நடுவில் ஒரு முழுப் பாயிண்ட் சுவரை எழுப்பும்.

சி.ஜி.பி.ஏ.யில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தப்பு, செமஸ்டர் பாயிண்ட்களை நேரடியாகக் கூட்டி இரண்டால் வகுப்பது. அதே மாணவி அடுத்த செமஸ்டரில் 26 கிரெடிட்டுக்கு 7.50 எடுத்தால், நேர் சராசரி 6.94. சரியான கணக்கில் 127.6ஐயும் 195ஐயும் கூட்டி 46ஆல் வகுக்க வேண்டும். விடை 7.01. ஏழு இருக்கிறதா இல்லையா என்பதே இங்கே மாறிப்போகிறது.

திரும்பவும் பர்சென்ட்

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டு மார்க்கைப் பாயிண்டாக்கிய பிறகு, வெளியே போனால் "பர்சென்டேஜ் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். பி.காம். முடித்தவர் சி.ஏ. இண்டர்மீடியட்டில் நேரடியாகச் சேர 55 சதவீதம் வேண்டும். யு.ஜி.சி. நெட் எழுத முதுகலையில் பொதுப்பிரிவினருக்கு 55 சதவீதம் வேண்டும்.

மாற்றும் வாய்ப்பாடு ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. அண்ணா பல்கலைக்கழகம் பத்தால் பெருக்கும். ஏ.ஐ.சி.டி.இ. அட்டவணை 0.75 கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு 2017 வரை வைத்திருந்தது 9.5. முதல் கிரேடு வாங்கியவர்களின் சராசரி மார்க் சுமார் 95 என்று கண்டு, அதிலிருந்து எடுத்த எண் அது. பள்ளிக்கூடத்து எண்ணான இதைக் கல்லூரிப் பாயிண்டுக்கும் போட்டுப் பார்ப்பவர்கள் நிறைய.

6.0 என்ற சி.ஜி.பி.ஏ.யை எடுத்துக்கொண்டால் முதல் வாய்ப்பாட்டில் 60, இரண்டாவதில் 52.5, மூன்றாவதில் 57. வாசலில் 55 என்று எழுதியிருந்தால், இரண்டு வாய்ப்பாட்டில் உள்ளே, ஒன்றில் வெளியே. அந்த மாணவி ஒரு வரிகூடக் கூடுதலாகவோ குறைவாகவோ எழுதவில்லை.

எனவே விண்ணப்பத்தில் எண்ணை நிரப்பும் முன் மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாற்றும் வாய்ப்பாடு பல இடங்களில் அங்கேதான் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டருக்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி தெரியாது.

தாத்தாவின் செகண்ட் கிளாஸும் அப்பாவின் அறுபத்திரண்டும் பேத்தியின் 6.38ம் ஒரே பீரோவில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. யார் நன்றாகப் படித்தார்கள் என்று வீட்டில் சண்டை வந்தால், அந்த மூன்று காகிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை என்று அந்தந்தக் காலத்தில் யாரோ முடிவு செய்தார்கள். காகிதத்தில் இருப்பதில் பாதி படித்தவருடையது, மீதி அந்த முடிவுடையது.