கோழிமுட்டை ஓடு

கோழிமுட்டை ஓடு என்பது வெண்கருவையும் மஞ்சள் கருவையும் காக்கும் சுண்ணப் படிக உறை. அதன் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். அது கால்சைட் என்னும் படிக வடிவில் அமைந்திருக்கிறது. சுண்ணாம்புக் கல்லிலும் பளிங்குக் கல்லிலும் இருப்பது இதே கனிமம்தான். மீதமுள்ள சிறு பங்கில் புரதங்கள், சர்க்கரைச் சங்கிலி கோத்த புரதங்கள், கொஞ்சம் மக்னீசியம், பாஸ்பரஸ், நீர் ஆகியவை அடங்கும். 60 கிராம் முட்டையில் ஓடு மட்டும் 5 முதல் 6 கிராம் இருக்கும், தடிப்பு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். அதில் சுமார் 2 கிராம் கால்சியம்.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரமாகும். அதில் முக்கால் பங்கு நேரம் ஓட்டுக்கே செலவாகிறது. உயிர்கள் கட்டும் கனிமப் பொருள்களில் இவ்வளவு விரைவாக உருவாவது அரிது. ஆண்டுக்கு 300 முட்டை இடும் பண்ணைக்கோழி 600 கிராமுக்கு மேல் கால்சியத்தை ஓடாக வெளியேற்றுகிறது. அதன் உடம்பு முழுவதிலும் எந்த நேரத்திலும் இருப்பதோ ஏறக்குறைய 20 கிராம்தான். இந்தக் கணக்கை நேர் செய்வது எப்படி என்ற கேள்விதான் கால்நடைத் தீவன ஆய்வையும் உயிர்வேதியியலையும் படிக இயற்பியலையும் இந்த மெல்லிய ஓட்டில் ஒன்றுசேர்த்தது.

வோக்லானின் கணக்கு

குரோமியத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லான் 1799-ல் ஒரு கோழியை வைத்துச் சோதனை செய்தார். எடை பார்த்த ஓட்ஸ் தானியத்தை மட்டும் அதற்குக் கொடுத்தார். பிறகு தானியத்திலும், கோழி இட்ட முட்டைகளின் ஓட்டிலும், எச்சத்திலும் இருந்த சுண்ணாம்பை அளந்தார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகமாக இருந்தது. அவர் அளந்த முறையில் பெரிய பிழை இல்லை. கோழியின் எலும்பை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். எலும்பு அன்றாடம் கரைந்து நிரம்பும் இருப்பு என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த இடைவெளியில் வினோதமான விளக்கங்களும் நுழைந்தன. 20-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லூயி கெர்வரான் என்பவர், கோழி தன் உடம்புக்குள் பொட்டாசியத்தைக் கால்சியமாக மாற்றிக்கொள்கிறது என்று எழுதினார். ஒரு தனிமம் இன்னொன்றாக மாற அணுக்கரு வினை வேண்டும். உயிருள்ள திசுவில் அப்படி நடப்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் இந்தக் கூற்று இன்னும் சில உடல்நல நூல்களில் உலவுகிறது. அது தவறு என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

உண்மையான விடை எலும்புக்குள் இருந்தது. சிகாகோவைச் சேர்ந்த பிரஸ்டன் கைஸ், ட்ரூமன் பாட்டர் ஆகியோர் 1934-ல் பெண் புறாக்களின் எலும்புக் குழியில் முட்டையிடும் பருவத்தில் மட்டும் புதிய எலும்பு வளர்வதை விவரித்தார்கள். இதை மஜ்ஜை எலும்பு என்கிறார்கள். கோழியிலும் முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பே, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதும், தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் இது உருவாகிறது. உடம்பைத் தாங்குவது இதன் வேலை அல்ல. சுண்ணாம்பைச் சேமிப்பதே வேலை. 2005-ல் மேரி ஷ்வைட்சர் குழுவினர் அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த டைரனோசாரஸ் தொடை எலும்பில் இதைப் போன்ற திசுவைக் கண்டு, அது முட்டையிடும் பருவத்திலிருந்த பெண் விலங்கு என்று முடிவு செய்தார்கள்.

ஓர் இரவில் நடப்பது

மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டு முட்டைக்குழாய்க்குள் விழுகிறது. சுமார் மூன்று மணி நேரத்தில் வெண்கரு சூழ்கிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் போர்த்தப்படுகின்றன. வேகவைத்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருவது இந்தச் சவ்வுதான். பிறகு முட்டை ஓட்டுச் சுரப்பிக்குள் நுழைந்து பதினேழு, பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தங்குகிறது. பெரும்பாலும் இது இரவு முழுவதும் நீளும் வேலை.

அந்த நேரத்தில் ஓடு மணிக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கேட்கிறது. இரத்தத்தில் எப்போதும் இருக்கும் கால்சியம் கால்மணி நேரத்துத் தேவைக்கே போதும். ஆகவே குடலிலிருந்தோ எலும்பிலிருந்தோ அது இடைவிடாமல் வந்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால் கோழி இரவில் தின்னாது. மாலையில் விழுங்கிய தீவனம் குடலைக் கடந்த பிறகு, விடியும்வரை மஜ்ஜை எலும்பு கரைந்துதான் ஓட்டுக்குக் கால்சியம் கொடுக்கிறது.

குடல் கால்சியத்தை உறிஞ்சும் வழியைக் கண்டதும் கோழியை வைத்தே. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வாசர்மனும் ஆலன் டெய்லரும் வைட்டமின் டி இல்லாமல் வளர்த்த குஞ்சுகளுக்கு அந்த வைட்டமினைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் சுவரில் புதிய புரதம் ஒன்று தோன்றியது. அது கால்சியத்தைப் பற்றிப் பிடித்தது. இந்தக் கண்டுபிடிப்பு 1966-ல் வெளியானது. அந்தப் புரதம்தான் பின்னர் கால்பின்டின் எனப் பெயர் பெற்றது. மனிதச் சிறுநீரகத்திலும் மூளையிலும் இதே குடும்பப் புரதங்கள் இருக்கின்றன. கோழித் தீவனத்தைப் பற்றிய ஆய்வு மனித மருத்துவத்துக்குத் தந்த கொடைகளில் இது பெரியது என்பேன்.

கார்பனேட் வரும் வழி

ஓட்டின் மறுபாதியான கார்பனேட் தீவனத்திலிருந்து வருவதில்லை. கோழியின் உயிரணுக்கள் வெளிவிடும் கரியமில வாயுவிலிருந்து வருகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி அந்த வாயுவையும் நீரையும் இணைத்துப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. இந்த நொதியின் மையத்தில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. அதனால் தீவனத்தில் துத்தநாகக் குறைவு வந்தால் ஓடும் கெடும்.

ஓட்டுக்கு இந்த நொதி வேண்டும் என்பதற்குச் சான்று எதிர்பாராத வழியில் வந்தது. சல்பா மருந்து கொடுத்த கோழிகள் ஓடில்லாத தோல்முட்டை இட்டன. சல்பா மருந்துகளில் ஒன்றான சல்பனிலமைடு இந்த நொதியைத் தடுக்கும் பொருள் என்பது அப்போது தெரிந்திருந்தது. பெனெஷ், பாரன், மாசன் ஆகிய மூவர் 1944-ல் நேச்சர் இதழில் இரண்டையும் இணைத்துக் காட்டினார்கள். கால்சியத்தைக் கூட்டிக் கொடுப்பதால் மட்டும் தோல்முட்டை நிற்காது என்பதை உயிர்வேதியியல் அன்றே காட்டிவிட்டது.

கோடை வெயிலின் கதையும் இதோடு சேர்ந்ததே. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெப்பம் கூடினால் வாயைத் திறந்து இரைக்கும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை உயர்கிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் குறைகிறது. இரத்தம் காரமானால் கால்சியம் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுதந்திரமாகக் கிடைப்பதும் குறையும். போதாததற்கு வெயிலில் கோழி தீவனம் தின்பதும் குறைகிறது. நாமக்கல் பண்ணைகளில் ஏப்ரல், மே மாதங்களில் ஓடு மெலிந்து உடைப்பு கூடுவதற்கு இவையே காரணம். 1985-ல் ஓடம், ஹாரிசன், டாரே என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வெப்ப அறையில் வைத்த வெள்ளை லெகார்ன் கோழிகளுக்குச் சோடா நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஓட்டின் தரம் தேறியது. பண்ணையாளர்கள் கோடைத் தீவனத்திலோ தண்ணீரிலோ சோடியம் பைகார்பனேட் கலப்பதும் ஏறக்குறைய இதே நோக்கத்துக்காகத்தான்.

தண்ணீரின் உப்பும் கவனிக்க வேண்டியது. சிட்னி பல்கலைக்கழகத்தின் டெரிக் பால்னேவ் 1980-களில் நடத்திய சோதனைகளில், குடிநீரில் கலந்த சாதாரண உப்பே ஓட்டைக் கெடுத்தது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பும் பண்ணைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

படிகமாகும் கணம்

சவ்வின் மேல் ஆங்காங்கே சிறு குமிழ்கள் போன்ற புள்ளிகள் இருக்கின்றன. படிகம் அவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் நேரே கால்சைட்டாகப் படிவதில்லை. முதலில் வருவது ஒழுங்கற்ற, படிக உருவம் எடுக்காத கால்சியம் கார்பனேட். ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெஹாந்திரோ ரோட்ரிகஸ் நவாரோ, பிரெஞ்சு, கனடா ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015-ல் இதை விரிவாகக் காட்டினார். இந்த நிலையற்ற பொருளைச் சுரப்பியின் உயிரணுக்கள் நுண்பைகளில் அடைத்து அனுப்புகின்றன என்பது பிந்தைய ஆய்வுகளில் தெரிந்தது. ஒழுங்கற்ற பொருள் எளிதில் இடம்பெயரும், தேவையான இடத்தில் விரைவாகப் படிகமாகும். ஓடு கட்டப்படும் வேகத்தின் இரகசியம் பெருமளவு இதில் இருக்கிறது.

எந்த இடத்தில் எப்படிப் படிகமாவது என்பதைப் புரதங்கள் வழிநடத்துகின்றன. அவற்றில் ஓவோகிளைடின்-17 என்பது கனடாவின் மேக்ஸ்வெல் ஹிங்கி 1990-களில் பிரித்தெடுத்த புரதம். 2010-ல் ஷெஃபீல்டு, வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடின்பரோவில் இருந்த ஹெக்டர் மீக்கணினியில் இந்தப் புரதத்தின் செயலை உருவகப்படுத்திப் பார்த்தார்கள். புரதம் ஒழுங்கற்ற துகளைப் பற்றிக்கொள்கிறது, அது கால்சைட்டாக ஒழுங்குபட உதவுகிறது, படிகம் வளர்ந்ததும் விலகி அடுத்த துகளைத் தேடுகிறது. கோழியா முட்டையா என்ற புதிருக்கு விடை கிடைத்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆய்வு அதைச் சொல்லவே இல்லை; ஓவோகிளைடினுக்கு இணையான புரதங்கள் மற்றப் பறவைகளின் ஓட்டிலும் இருக்கின்றன. ஒரு புரதம் நொதியைப் போலக் கல்லை உருவாக்க உதவுகிறது என்பதே அதன் அருமையான செய்தி.

வளரும் படிகங்கள் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஓட்டின் பரப்புக்குச் செங்குத்தாக வளர்பவை மட்டும் மேலே போகின்றன. சாய்ந்தவை நடுவழியில் நின்றுவிடுகின்றன. இதனால் உள்ளே குமிழ் அடுக்கு, நடுவில் தூண் தூணாக நிற்கும் தடித்த அடுக்கு, மேலே மெல்லிய படிக அடுக்கு, அதன்மேல் புரதப் பூச்சு என ஓடு அமைகிறது. ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இவற்றின் ஊடே காற்றை விடுகின்றன.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்கீ குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. தூண் என்று நாம் பார்ப்பது உண்மையில் நானோ அளவுத் துகள்கள் நெருங்கி அமைந்த கட்டமைப்பு. வெளிப்புறத்தில் துகள்கள் சிறியவை, உள்ளே போகப் போகப் பெரியவை. துகள் சிறுத்தால் கடினத்தன்மை கூடுகிறது. ஆகவே வெளியிலிருந்து விழும் அடியை ஓடு தாங்குகிறது. ஆஸ்டியோபான்டின் என்னும் புரதத்தின் அளவே துகளின் அளவை முடிவு செய்கிறது. சோதனைக் குழாயில் அந்தப் புரதத்தைச் சேர்த்து வளர்த்த கால்சைட்டிலும் இதே அமைப்பு வந்தது. குஞ்சு வளரும்போது ஓட்டின் உட்பகுதி கரைந்து குஞ்சின் எலும்புக்குப் போகிறது. குஞ்சின் உடம்பிலுள்ள கால்சியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படி ஓட்டிலிருந்து கிடைத்ததே. அடைகாத்த பிறகு ஓடு உள்ளிருந்து எளிதில் உடைவதும் அதனால்தான்.

தீவனத் தொட்டியில்

வளரும் குஞ்சின் தீவனத்தில் சுமார் 1 விழுக்காடு கால்சியம் போதும். முட்டையிடும் கோழிக்கு 3.5 முதல் 4.5 விழுக்காடு வேண்டும். அளவைப் போலவே துகளின் பருமனும் முக்கியம். மாவாக அரைத்த சுண்ணாம்புக் கல் விரைவில் கரைந்து போய்விடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கிளிஞ்சல் துண்டோ கல் துண்டோ தீவனத்தை அரைக்கும் தசைப்பையில் தங்கி, இரவெல்லாம் மெல்லக் கரைகிறது. எலும்பு அந்த அளவுக்குத் தப்புகிறது. தெரிந்தெடுக்க விட்டால் கோழி மாலையில் தானாகவே கிளிஞ்சலைத் தேடித் தின்கிறது. அதன் உடம்பு அறிந்த இந்த நேரத்தைத் தீவனம் வைப்பவர்களும் மதிக்க வேண்டும்.

எலும்பு கரையும்போது கால்சியத்தோடு பாஸ்பேட்டும் வெளிவருகிறது. ஓட்டுக்கு அது தேவையில்லை. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். தீவனத்தில் பாஸ்பரஸ் மிகுந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் இன்னும் ஏறி ஓடு மெலியும். குறைந்தால் எலும்பு மறுபடி கட்டப்படாது. சோளம், சோயா ஆகியவற்றின் பாஸ்பரஸில் பெரும்பங்கு பைட்டேட் வடிவில் பூட்டிக் கிடக்கிறது. பைட்டேஸ் நொதியைத் தீவனத்தில் கலந்து அதை விடுவிக்கிறார்கள். மாங்கனீசு குறைந்தால் ஓட்டின் புரத வலை சரியாக அமையாது. செம்பு குறைந்தால் சவ்வு நெகிழும்.

காட்டுப் பறவைகளின் ஓடு மெலிந்ததும் அறிவியலுக்குப் பெரிய பாடம். ஆய்வாளர் டெரிக் ராட்கிளிஃப் 1967-ல் பிரிட்டனின் பொரிவல்லூறு முட்டைகளில் இதைக் கண்டார். டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி சிதைந்து உண்டாகும் டிடிஇ அதற்குக் காரணம் என்று பின்னர் உறுதியானது. கோழி இந்த நஞ்சால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. கோழியை மட்டும் சோதித்திருந்தால் அந்த ஆபத்து தெரிந்தே இருக்காது.

எலும்பு கொடுக்கும் விலை

வயது ஏற ஏற முட்டை பெரிதாகிறது. படியும் கால்சைட்டின் அளவு ஏறக்குறைய அதேதான். ஆகவே ஓடு மெலிகிறது. முட்டையிடும் காலம் முழுவதும் கோழி மஜ்ஜை எலும்பைத்தான் புதுப்பிக்கிறது. உடம்பைத் தாங்கும் கெட்டி எலும்பு கரைந்தால் அந்தக் காலத்தில் திரும்பக் கட்டப்படுவதில்லை. கூண்டுக் கோழிகளின் கால் சோர்வும், நெஞ்செலும்பு முறிவும் இதன் விளைவுகள். இனப்பெருக்கத் தேர்வால் முட்டைக் காலத்தை 90, 100 வாரம்வரை நீட்ட நிறுவனங்கள் முயலும் இன்று, உடையாத ஓட்டை மட்டும் அளந்து தீவனத்தைத் தேர்ந்தெடுப்பது போதாது. ஓடு நன்றாக இருக்கும்போதே எலும்பு தேய்ந்துகொண்டிருக்கலாம். தீவனச் சோதனைகளில் ஓட்டின் வலிமையோடு கோழியின் கால் எலும்பு வலிமையையும் கட்டாயம் அளக்க வேண்டும்.