நெய் பிஸ்கட்

நெய் பிஸ்கட் என்பது மைதா, சர்க்கரை, நெய் மூன்றையும் தண்ணீர் விடாமல் பிசைந்து, ஈஸ்ட்டும் முட்டையும் இல்லாமல் சுடும் தின்பண்டம். வட இந்தியாவில் இதை நான்கட்டாய் என்பர். ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட் இதற்கு நெருங்கிய இனம். செய்முறை எளிதென்றாலும், நாற்புறமும் சீராகச் சூடேறும் அடுப்பு தமிழ் வீடுகளில் இல்லாததால் நெடுங்காலம் இது கடைப் பண்டமாகவே இருந்தது.

தோற்றம்

ஷார்ட்பிரெட்டின் செய்முறை 1736இல் கிளாஸ்கோவில் வெளியான மெக்லின்டாக் அம்மையாரின் சமையல் நூலில் அச்சேறியது. சர்க்கரை 1, வெண்ணெய் 2, மாவு 3 என்பது அதன் வழக்கமான அளவு. நான்கட்டாயின் பிறப்பிடமாகச் சூரத்தைச் சொல்வர். அங்கே டச்சுக்காரர்கள் நடத்திய ரொட்டிக்கடை, பின்னர் பார்சி இனத்தவரான ஃபரம்ஜி பெஸ்டன்ஜி டோட்டிவாலாவின் கைக்கு வந்தது என்பது வழிவழிச் செய்தி. கள் சேர்த்துப் புளிக்கவைத்த ரொட்டியை உள்ளூர் மக்கள் விரும்பாததால், கள்ளும் முட்டையும் சேராத இந்தப் பண்டம் செல்வாக்குப் பெற்றது என்பர். வட இந்திய ஊர்களில் பண்டிகைக்கு முன் மாவு, நெய், சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு போய் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கும் பழக்கமும் இருந்தது.

தமிழகத்தில்

தமிழர் வீட்டுப் பலகாரங்கள் பெரும்பாலும் எண்ணெய்ச் சட்டியிலோ இட்லிப் பானையிலோ வேகுபவை. அதனால் நெய் பிஸ்கட் பேக்கரியின் விறகடுப்பிலிருந்தே வந்தது. இலங்கைத் தமிழர் இவ்வடுப்பைப் போறணை என்பர். செய்யாறு, ஆரணி போன்ற ஊர்களில் பேக்கரிகளும் டீக்கடைகளும் இதைக் கண்ணாடி ஜாடியில் வைத்துச் சில்லறையாக விற்கின்றன.

வீட்டில் சுடுதல்

வட்டமான அலுமினிய மின்சார அவன் வந்தபின், நடுத்தரக் குடும்பங்கள் சில வீட்டிலேயே சுடத் தொடங்கின. அவன் இல்லாதவர்களுக்குக் குக்கர் கைகொடுத்தது. அடியில் உப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி, பத்து நிமிடம் காயவைத்தபின் பிஸ்கட் தட்டை உள்ளே வைப்பார்கள். சிறு தீயில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் வெந்துவிடும். 2020 ஊரடங்கின்போது வீட்டு பேக்கிங் மேலும் பரவியது.

பக்குவம்

மைதா 2 பங்கு, பொடித்த சர்க்கரை 1 பங்கு, நெய் ஏறத்தாழ 1 பங்கு என்பது பலர் கொள்ளும் அளவு. கொஞ்சம் கடலை மாவும் ஏலக்காயும் சேர்ப்பதுண்டு. மேற்புறம் வெடிக்கச் சிலர் சிட்டிகை சோடா மாவும் போடுவர். சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசையாமல் உருண்டை பிடிக்கும் அளவுக்குத் திரட்டினால் போதும். நெய் மாவைப் பூசிக்கொள்வதால் அதிலுள்ள புரதம் ஈரம் பட்டு இழுவையாவதில்லை. அதனால்தான் பிஸ்கட் கடித்ததும் உதிர்கிறது. வெண்ணெயில் 16 விழுக்காடு வரை நீர் உண்டு; நெய்யில் அது அநேகமாக இல்லாததால் உதிரும் தன்மை கூடுகிறது. அடுப்பிலிருந்து எடுக்கும்போது மெத்தென்றிருக்கும், ஆறினால் இறுகும். வேகவில்லை என்று எண்ணி மீண்டும் வைத்தால் அடி கருகும்.

கொழுப்பு

1937இல் டால்டா அறிமுகமான பின், நெய்யின் இடத்தை விலை குறைந்த வனஸ்பதி பல பேக்கரிகளில் பிடித்தது. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதால், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. வீட்டில் சுடும்போது எந்தக் கொழுப்பைச் சேர்ப்பது என்பது சுடுபவரின் கையில் இருக்கிறது.