கல்லைப் புரட்டியவர்கள்

பல்கலைக்கழக இறுதியாண்டில் ஆற்றுநீரைச் சோதிப்பதுதான் என் ஆய்வுத்திட்டம். போத்தலில் நீரை அள்ளி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு ஓட வேண்டும். கரைந்த ஆக்சிஜன், பிஓடி, சிஓடி, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பிஎச் என்ற ஆறு அளவுகளைக் கொண்டுதான் மலேசியாவில் ஆற்றுநீர்த் தரக் குறியீட்டைக் கணக்கிடுகிறோம். என் ஆற்றுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் போகவில்லை. நான் அள்ளியது காலை பத்து மணி ஆறு. முந்தின இரவு யாராவது எதையாவது கொட்டியிருந்தால்? போத்தலுக்கு அது எப்படித் தெரியும்?

இதற்கு விடை தேடிப் போனபோதுதான் இங்கிலாந்துத் தூண்டில்காரர்களின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

ட்ரவுட் குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் வாழும் மீன். நீர்ப்பூச்சிகள்தாம் அதன் முக்கிய உணவு. அதைப் பிடிக்க இறகு, ரோமம், பட்டுநூல் கொண்டு முள்ளில் பொய்ப்பூச்சி கட்டுவார்கள். இன்றைக்கு ஆற்றில் எந்தப் பூச்சி எழும்புகிறது என்று தெரியாதவன் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவான்.

ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் 1802இல் பிறந்தவர். அவருடைய அண்ணன் பிரான்சிஸ், 1816இல் லண்டன் வீட்டுத் தோட்டத்தில் எட்டு மைல் கம்பி இழுத்து மின்தந்தியை இயக்கிக் காட்டியவர். தம்பிக்கோ ஆற்றங்கரைதான் சோதனைக்கூடம். ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிளைத் ஆற்றோரம் ஒரு குடிசை கட்டி, உள்ளிருந்து மீன்களைக் கவனித்தார். பின்னால் துப்பாக்கி வெடிக்கச் சொன்னார்; மீன் அசையவில்லை. மிளகாய்த்தூளும் கடுகும் பூசிய ஈக்களைக் குழாய் வழியே ஊதிவிட்டார். மீன் அவற்றையும் தின்றது. சிரிப்பு வரலாம். ஆனால் நாங்கள் ஆய்வுக்கூடத்தில் படித்த முறையும் இதுதானே?

1836இல் வெளிவந்த அவருடைய ‘தி ஃப்ளை-ஃபிஷர்ஸ் என்டமாலஜி’ இத்துறையின் முன்னோடி நூல். மாதவாரியாகப் பூச்சிகள், வண்ணப்படங்களில் நிஜப்பூச்சியும் அதன் பொய்ப்பூச்சியும் பக்கத்துப் பக்கத்தில், தூண்டில்காரர் வைத்த பெயரோடு அறிவியல் வகைப்பாடும். மீன் பிடிக்க எழுதிய புத்தகம்தான். ஆனால் ஆற்றில் யார் யார் குடியிருந்தார்கள் என்ற கணக்கு அதில் ஏறிவிட்டது.

அந்தக் குடிகளில் முக்கியமானது மேஃப்ளை. ஈசல் போல ஒரே மாலையில் கூட்டமாக எழும்பும். அதன் பிறகு சாப்பிடாது, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ செத்துவிடும். ஆனால் அதற்கு முன்பு, இனத்தைப் பொறுத்துச் சில மாதங்களிலிருந்து இரண்டு ஆண்டு வரை, இளம்பூச்சியாக நீருக்குள்ளேயே கிடந்திருக்கும். என் போத்தல் ஒரு நிமிடத்தை அள்ளியது. அந்தப் பூச்சியோ ஆற்றின் ஒவ்வொரு இரவையும் அனுபவித்திருக்கும்.

பூச்சி பார்க்கும் பழக்கத்தை இங்கிலாந்துத் தூண்டில்காரர்கள் பிறகு காவலாக மாற்றிக்கொண்டார்கள். 2007 முதல் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வலையை வைத்து, மூன்று நிமிடம் ஆற்றடியைக் காலால் கிளறி, எட்டு வகை உயிர்களை எண்ணுகிறார்கள். 2013 ஜூலையில் கென்னெட் ஆற்றில் அப்படி எண்ணப் போனவர்கள், நீர்ப்பூச்சிகளும் நன்னீர் இறால்களும் செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் கலந்திருந்தது. சுமார் 15 கிலோமீட்டருக்குச் சிற்றுயிர்கள் அழிந்திருந்தன. என்னுடைய ஆறு அளவுகளில் எதுவும் பூச்சிக்கொல்லியைத் தேடுவதில்லை.

போன மாதம் என் பழைய ஆற்றுக்குப் போயிருந்தேன், சமையலறை வடிகட்டியோடு. ஒரு கல்லைப் புரட்டியதும் மூன்று வாலுள்ள சின்ன உயிர் ஒன்று நெளிந்து ஓடியது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவரிடம் காட்டி, “அண்ணே, இதுக்கு என்ன பேரு?” என்றேன்.

“பேரா? மீன் திங்கும் தம்பி. அவ்வளவுதான் தெரியும்.”

ரொனால்ட்ஸும் அங்கிருந்துதான் தொடங்கியிருப்பார். நோட்டை எடுத்துத் தேதியும் இடமும் குறித்துக்கொண்டேன். பெயருக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன்.